இருபதாயிரம் என்று எழுதியிருந்தது



போன ஆடி மாதம் இதே பக்கத்தில் ஒரு பதிவு போட்டிருந்தேன். மழைக்காலம் வருகிறது, கஜாவை மறந்துவிட வேண்டாம், 699 ரூபாய்க்கு 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் கிடைக்கிறது, வீட்டுக்கு ஒன்று வாங்கி வையுங்கள் என்று படத்தோடு எழுதியிருந்தேன். என் கணக்குப்படி உங்களில் பதினொரு பேர் வாங்கியிருக்கிறீர்கள். வேதாரண்யம் பக்கம் தனியாக இருக்கும் என் பெரியக்காவுக்கு நானே ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

அதை அளந்து பார்க்காமல் சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் உங்கள் ரெக்கார்டு நோட்டில் "அளக்காமல் எழுதாதே" என்று சிவப்பு மையில் எழுதியவன் நான். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

போன வாரம் யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்று வாங்கினேன். 5 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றும் வாங்கினேன். வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்குமே, அதுதான். பவர் பேங்கை முழுக்க சார்ஜ் ஏற்றி, காலை எட்டு மணிக்கு மின்தடையை மாட்டினேன். 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் ஓடும். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே வந்தேன். மதியம் இரண்டு அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போது அணைந்துவிட்டது. மீட்டரில் 5,900 எம்.ஏ.எச். மறுநாள் 5,860. அதற்கு மறுநாள் 5,910. மூன்று முறை எடுத்தால்தானே சராசரி!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இருபதாயிரம் எங்கே, ஆறாயிரம் எங்கே என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். நேர்மையான பவர் பேங்க்கூட வெளியே இருபதாயிரம் தராது. உள்ளே இருக்கும் லித்தியம் செல் 3.7 வோல்ட். அதைத்தான் அட்டையில் எழுதுகிறார்கள். ஆற்றலாகப் பார்த்தால் 20 ஆம்பியர் மணியை 3.7 ஆல் பெருக்க, 74 வாட் மணி. வெளியே வருவது 5 வோல்ட். வோல்ட்டை ஏற்றும் சுற்றில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். அதற்கு நூற்றுக்குப் பதினைந்து கழித்தால், நல்ல பவர் பேங்க் என் மீட்டரில் 12,500 காட்ட வேண்டும். நம்முடையது அதில் பாதிகூடக் காட்டவில்லை. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உள்ளே இருப்பது சுமார் 9,400. அட்டையில் இருபதாயிரம்.

இது ஏதோ இன்றைய ஆன்லைன் ஏமாற்று என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பழைய புத்தகங்களைப் புரட்டியதில் இந்தப் பொய்க்கு நூற்று நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். அரிசி மூட்டையைத் தராசில் வைக்கலாம். பேட்டரி நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் ஒரே எடை, ஒரே உருவம். நம் வீடுகளில் ரேடியோ கட்டை தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். ஒரு பாட்டு ஓடும், செய்தி வருவதற்குள் நின்றுவிடும். அந்தக் கட்டையை வோல்ட்மீட்டரில் வைத்தால் நல்ல கட்டை மாதிரியே காட்டும்.

பிளஸ் டூ செய்முறையில் மின்னழுத்தமானி வைத்து லெக்லாஞ்சி செல்லையும் டேனியல் செல்லையும் ஒப்பிட்டீர்களே, அதில் நாம் அளந்தது மின்னியக்கு விசை. அந்தச் செல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை, நானும் சொல்லித் தந்ததில்லை. பாடத்தில் இல்லை. அதை அறிய ஒரே வழி, காலியாகும்வரை ஓட்டிப் பார்ப்பதுதான். பார்த்து முடித்தால் பேட்டரி காலி. வாங்குகிறவன் கடையில் நின்று இதைச் செய்ய முடியாது என்பது விற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளைச் சுருட்டி, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். இன்றைக்கும் நம் வண்டியில் இருப்பது அதன் பேரப்பிள்ளைதான். இருபது வருடம் கழித்து காமில் ஃபோர் என்பவர் அந்தத் தகட்டில் ஈய ஆக்சைடைப் பசையாகத் தடவினார். கொள்ளளவு எக்கச்சக்கமாக ஏறியது. 1881 மே மாதம் அந்த பேட்டரிகளை பாரிசில் சார்ஜ் செய்து, பெட்டியில் வைத்து, கிளாஸ்கோவுக்குக் கொண்டு போனார்கள். 72 மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்த இடம் சர் வில்லியம் தாம்சனின் ஆய்வுக்கூடம். பின்னாளில் லார்டு கெல்வின் ஆனவர். வெப்பநிலைக்குக் கெல்வின் அளவு என்று படித்தோமே, அவரேதான்.

அந்தப் பெட்டியில் பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல் இருக்கிறது என்று லண்டன் பத்திரிகையில் எழுதினார்கள். ஊரே பரபரப்பானது. ‘மின்சாரத்தைப் பெட்டியில் அடைத்து ஊர் விட்டு ஊர் அனுப்பலாம்!’ கெல்வின் அதைச் சும்மா பாராட்டிவிட்டு விடவில்லை, தன் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து லட்சம் அடி-பவுண்டு என்பது 377 வாட் மணி. ஒரு கன அடிப் பெட்டி. நேர்மையான 20,000 பவர் பேங்க் ஐந்து சேர்ந்தால் அந்தப் பெட்டிக்கு ஈடு. என் கையில் இருப்பது மாதிரி என்றால், வெளியே தருவதை வைத்துப் பார்க்க, பன்னிரண்டு பதின்மூன்று வேண்டும்.

பெட்டி பிரபலமானதும் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் விற்றன. கெல்வின் சோதித்தார் என்ற பெயரே பாதி வியாபாரத்தை முடித்துவிடும். நான் போட்ட பதிவை நம்பி நீங்கள் வாங்கிய மாதிரி. (கெல்வினோடு என்னை ஒப்பிட்டுவிட்டேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவராவது சோதித்தார்.)

இரண்டு வருடம் கழித்து, 1883-ல், அமெரிக்காவில் எடிசன் வெடித்தார். சேமிப்பு பேட்டரி என்பது பங்குக் கம்பெனிகள் பொதுமக்களை ஏமாற்றுவதற்கான கருவி என்றார். அதோடு விடவில்லை. பேட்டரி வேலையில் ஒருவன் கை வைத்தால் போதும், அவனுக்குள் ஒளிந்திருக்கும் பொய் சொல்லும் திறமை வெளியே வந்துவிடும் என்ற பொருளில் பேசினார். அந்த வருடங்களில் எடிசன் ஜெனரேட்டர் வைத்துத் தெருத் தெருவாக மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தார். ஆகவே அவர் பேச்சில் வியாபாரப் பொறாமையும் உண்டு என்பது என் எண்ணம்.

ஆனால் அளப்பதில் எடிசன் கெட்டிக்காரர். அப்போது இன்றைய மாதிரி மீட்டர் கிடையாது. வாடிக்கையாளர் வீட்டில் ஒரு ஜாடியில் துத்தநாக சல்பேட் கரைசல், அதற்குள் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குள் ஓடும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு அதன் வழியாகப் போகும். மாதா மாதம் ஆள் வந்து தகடுகளை எடுத்துப்போய் எடை போடுவார். ஒரு தகட்டில் குறைந்ததும் மற்றதில் கூடியதும் எத்தனை கிராம் என்று பார்த்து பில். மைக்கேல் ஃபாரடேயின் மின்னாற்பகுப்பு விதி, அப்படியே நடைமுறையில்! இதை வகுப்பில் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தில் நீங்கள் இவ்வளவு தூங்கியிருக்க மாட்டீர்கள்.

பிறகு அவரே பேட்டரியில் கை வைத்தார் என்பதுதான் வேடிக்கை. நிக்கல்-இரும்பு பேட்டரி. 1900-களின் தொடக்கத்தில் பெரும் ஆரவாரத்தோடு விற்பனைக்கு வந்தது. கொஞ்ச நாளில் டப்பாக்கள் ஒழுகின, கொள்ளளவு இறங்கியது. எடிசன் உற்பத்தியை நிறுத்தினார். வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதித்து, 1909-ல்தான் திருத்திய செல்லைக் கொண்டுவந்தார். அது நன்றாகவே உழைத்தது. பொய்யைப் பற்றி அவர் பேசிய பேச்சைவிட, விற்றுக்கொண்டிருந்த பொருளை நிறுத்தினார் பாருங்கள், அதற்காகத்தான் எனக்கு அவர் மேல் மரியாதை.

இடையில் 1897-ல் ஜெர்மனியில் பாய்கர்ட் என்பவர் ஈய பேட்டரிகளை வேகமாகவும் மெதுவாகவும் காலி செய்து பார்த்து ஒரு விதி எழுதினார். வேகமாக எடுத்தால் மொத்தத்தில் குறைவாகக் கிடைக்கும். கிணற்றில் மோட்டாரை வேகமாக ஓட்டினால் ஊற்று சுரப்பதற்குள் தரை தட்டிவிடுமே, அது மாதிரி. நல்ல லித்தியம் செல்லில் இந்தக் குறை கொஞ்சம்தான். மட்டமான செல்லில் உள்தடை அதிகம், அதனால் தெரியும். நம் பவர் பேங்க் 2 ஆம்பியர் தரும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. இன்னொரு மின்தடையைப் பக்க இணைப்பில் சேர்த்து 2 ஆம்பியர் இழுத்தேன். 5,100-லேயே நின்றுவிட்டது. மேலே கட்டி வைத்திருந்த வெப்பமானி 47 டிகிரி. கையில் பிடிக்க முடியவில்லை. அதோடு அந்தச் சோதனையை நிறுத்திக்கொண்டேன், நீங்களும் செய்ய வேண்டாம். காரணம் லித்தியத்தின் கதையில் இருக்கிறது.

1970-களில் அமெரிக்காவில் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் உலோகத்தை வைத்து பேட்டரி செய்தார். பெட்ரோல் விலை ஏறிய காலம், எண்ணெய்க் கம்பெனியே எண்ணெய்க்கு மாற்றுத் தேடியது. பேட்டரி வேலை செய்தது. ஆனால் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும்போது லித்தியம் மீசை மாதிரி முளைத்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிடும். தொட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட், தீ. தீயணைப்பு வண்டி அடிக்கடி வந்து சலித்துப்போய், இந்தத் தீயை அணைக்கும் விசேஷ ரசாயனத்துக்கு இனி நீங்களே காசு கொடுங்கள் என்று சொன்னார்களாம்.

1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் நேர்மின்வாய்க்கு கோபால்ட் ஆக்சைடைக் கண்டுபிடித்தார். இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தது நான்குக்கு ஏறியது. ஜப்பானில் அகிரா யோஷினோ எதிர்மின்வாயில் லித்தியம் உலோகத்தை எடுத்துவிட்டு, பெட்ரோலியம் கோக் என்ற கரியைப் போட்டார். லித்தியம் அயனி அந்தக் கரியின் அடுக்குகளுக்குள் போய் உட்காரும், வெளியே வரும். இதுதான் இன்று நம் எல்லோர் சட்டைப்பையிலும் இருப்பது.

யோஷினோ செய்த சோதனை ஒன்றை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு அடி தாங்கும் என்று தெரிய வேண்டும். வெடிபொருள் சோதிக்கும் இடத்தைக் கேட்டு வாங்கி, பேட்டரியின் மேல் பெரிய இரும்புக் கட்டியைப் போட்டார். நசுங்கியது. வேறொன்றும் ஆகவில்லை. அதே இரும்பை லித்தியம் உலோகம் வைத்த பேட்டரி மேல் போட்டார். பயங்கரமாக வெடித்தது. அதன்பிறகுதான் இதை மனிதர் கையில் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை.

அவருடைய பயம் வீண் இல்லை. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் உலோக பேட்டரியை முதலில் பெரிய அளவில் விற்றது கனடாவின் மோலி எனர்ஜி. 1989-ல் ஜப்பானில் அது பொருத்திய செல்பேசியில் தீப்பிடித்தது. விற்ற பேட்டரிகளையெல்லாம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, கம்பெனி நொடித்துப்போனது. 1991-ல் சோனி லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது ஒரு கிலோ செல்லில் சுமார் 80 வாட் மணி. இன்று நல்ல செல்லில் 250 வரை வருகிறது. 2019-ல் விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல். குட்இனஃபுக்கு அப்போது 97 வயது, நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர். எனக்கு 68-லேயே மாடிப்படி மூச்சு வாங்குகிறது.

பெரிய கம்பெனிக்கும் சறுக்கல் உண்டு. 2006-ல் சோனி செய்த லேப்டாப் செல்களில் நுண்ணிய உலோகத் துகள் கலந்துவிட்டதால் டெல் மட்டும் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. 2007 ஆகஸ்டில் நோக்கியாவின் பி.எல்.-5சி. மத்சுஷிதா கம்பெனி செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் அன்று பாடமே நடக்கவில்லை. எல்லோரும் போனைக் கழற்றி பேட்டரியைத் திருப்பித் திருப்பி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தமிழய்யா பேட்டரியைத் தண்ணீர்ச் செம்புக்குள் போடலாமா என்று கேட்டார். நல்லவேளை, போடவில்லை.

அந்த அறிவிப்பில் ஒரு விஷயம் இருந்தது. யார் செய்தது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை செய்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் 699 ரூபாய் பவர் பேங்கில் உள்ளே இருக்கும் செல்லை யார் செய்தார்கள் என்று எந்த இடத்திலும் இல்லை. பெரிய தொழிற்சாலைகள் தரம் பிரிக்கும்போது ஒதுக்கிய செல்களும், பழைய லேப்டாப்பிலிருந்து உருவி எடுத்த செல்களும் புது உறை மாட்டிக்கொண்டு இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் போகின்றன. 18650 என்று உருளைச் செல் ஒன்று உண்டு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், அதுதான் பெயருக்குக் காரணம். உலகத்தின் மிகச் சிறந்த கம்பெனி செய்தாலும் அதற்குள் 3,600-க்கு மேல் அடைப்பது கடினம். கடைத்தெருவில் அதே அளவுச் செல்லில் 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள். லிட்டர் படியில் மூன்று லிட்டர் பால் அளக்கிறேன் என்பவனை நாம் விடுவோமா?

சர்வதேசத் தரம் என்று ஒன்று இருக்கிறது, ஐ.இ.சி. 61960. செல்லை ஐந்து மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில், 20 டிகிரி வாக்கில் வைத்து அளந்து எழுத வேண்டும் என்கிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் 20 டிகிரிக்கு எங்கே போவது என்பது வேறு கேள்வி. நம் நாட்டு பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதே என்று மருமகன் கேட்டார். லித்தியம் செல்லுக்கான அந்தப் பதிவு பாதுகாப்புத் தரத்துக்கானது. அட்டையில் எழுதிய எண் உண்மையா என்று அது சொல்லாது. எண் இல்லாத பொருளை வாங்கவே கூடாது, அது சரி.

இவ்வளவும் படித்த பிறகுதான் என் புத்திக்கு எட்டியது, கடையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எடிசனின் ஆள் செய்த மாதிரி எடை போடுவதுதான்! 74 வாட் மணிக்கு, நல்ல செல்லாக இருந்தாலும், செல் மட்டுமே முந்நூறு கிராம் வாக்கில் வேண்டும். கூடும் சுற்றும் சேர்ந்தால் பெரும்பாலும் 350, நானூறுக்குப் போகும். நம் பவர் பேங்கை அடுப்படித் தராசில் வைத்தேன். 218 கிராம். ஆடி மாதமே வைத்திருக்கலாம். தராசு அப்போதும் அங்கேதான் இருந்தது.

இனி பெரியக்கா விஷயம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா அடித்தபோது அவர் வீட்டு ஓடு பறந்தது, தென்னை அத்தனையும் சாய்ந்தது. போன் இரண்டாம் நாள் செத்துப்போனது. ஊரில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர் ஒரு போனுக்கு இருபது ரூபாய் வாங்கி சார்ஜ் போட்டுக் கொடுத்தார், வரிசையில் நின்றால் பாதியில் டீசல் தீரும். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகனுக்கு அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று தெரிய ஆறு நாள் ஆனது. அந்தப் பயத்தில்தான் பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தேன். அவரும் அதை பீரோவில் துணிக்கு நடுவில் வைத்து, "தம்பி, இது இருந்தா அஞ்சு தடவ போன் ஏறும்ல?" என்று கேட்டார். ஏறும் என்று சொன்னேன்.

அவர் போன் 5,000 எம்.ஏ.எச். இந்தப் பவர் பேங்க் அதை ஒரு தடவை முழுதாகவும், இரண்டாம் தடவை பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவும் ஏற்றும். நேர்மையான இருபதாயிரம்கூட மூன்று தடவைதான். அஞ்சு என்று நான் சொன்னதே தப்பு.

ஆகவே வாங்கிய பதினொரு பேரும் இன்று ராத்திரியே அதை எடை போட்டு எனக்கு அனுப்புங்கள். உப்பியிருந்தால், கூடு வாய் பிளந்திருந்தால் சார்ஜ் போடாதீர்கள், பிரிக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். வெளியே தகர டின்னில் மணல் போட்டு வைத்துவிட்டுச் சொல்லுங்கள். உப்பாமல் இருந்தால் ஒரு தடவைக்கு ஆகும், தலையணைக்கு அடியில் வைக்காமல் பயன்படுத்துங்கள். துணிக்கு நடுவிலும் வேண்டாம். விற்றவனிடம் எழுதிக் கேட்டேன், திருப்பி வாங்கும் பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்று பதில். பதினொரு பேரின் எடையையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். நம் பழைய மாணவர்களில் வக்கீல் மூன்று பேர் இருக்கிறீர்கள், யாராவது ஒருவர் கூப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேதாரண்யம் போகிறேன். அக்காவுக்கு வேறொரு பவர் பேங்க் வாங்கியாயிற்று, 412 கிராம், இரண்டு முறை காலி செய்து பார்த்துவிட்டேன், 12,300. மூன்றாவது முறை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது.